பெருந்தோட்டாக்களின் கதை – 11: முக்கால் சென்டிமீட்டர்

1956-ல் வின்செஸ்டர் நிறுவனம் .458 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவைக் கொண்டுவந்தபோது, ஆப்பிரிக்காவில் வேட்டைத் தொழிலில் இருந்தவர்கள் ஆவலோடு வரவேற்றார்கள். முக்கியக் காரணம் விலை. யானைக்கும் காட்டெருமைக்கும் முன்னால் நிற்க, அதுவரை .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் போன்ற தோட்டாவைச் சுடும் பிரிட்டிஷ் இரட்டைக்குழல் துப்பாக்கியைத்தான் நம்பினார்கள். சம்பளக்காரர் ஒருவர் வாங்கக்கூடிய பொருள் அல்ல அது. அதே 500 கிரெய்ன் குண்டை, அதாவது சுமார் 32 கிராம் எடையை, ஏறக்குறைய அதே வேகத்தில் சாதாரண போல்ட் துப்பாக்கியிலிருந்து அனுப்பலாம் என்றது வின்செஸ்டர். அறிவித்த வேகம் வினாடிக்கு 2,130 அடி.

.470 பிறந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய மார்ட்டினி துப்பாக்கிகளுக்குத் தீனி கிடைத்துவிடும் என்று அஞ்சி, .450 அளவுத் தோட்டாக்களை பிரிட்டிஷ் இந்திய அரசு தடைசெய்தது. லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470, .475 என்று வேறு அளவுகளைத் தேடியது அதனால்தான்.

வின்செஸ்டர் தோட்டாவுக்கு வருவோம். சென்ற வாரம் பார்த்த 1912-ன் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவின் பித்தளைக் கூட்டைத்தான் குட்டையாக்கி 2.5 அங்குலமாக வைத்திருந்தார்கள். வழக்கமான நீளமுள்ள துப்பாக்கியிலும் அது பொருந்தவேண்டும் என்பது நோக்கம். குட்டையான கூடு, அதற்குள் ஆழமாக இறங்கும் நீண்ட குண்டு. மிச்சமிருக்கும் இடத்தில் வேகத்துக்குத் தேவையான வெடிமருந்தை அழுத்தித் திணித்தால்தான் கொள்ளும். திணித்த மருந்து நாளாக நாளாகக் கட்டிபிடித்தது. கட்டிபிடித்த மருந்து ஒழுங்காக எரியாது. 2,130 அடி என்று நம்பிச் சுட்டவர்களில் சிலருக்கு 1,900 அடி கூடத் தேறவில்லை. வேகம் அப்படி இறங்கினால் குண்டின் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

1959-ல் மொசாம்பிக்கில் ஜாக் லாட் என்ற அமெரிக்க வேட்டைக்காரரை, அவரிடம் .458-ல் அடிபட்ட காட்டெருமை ஒன்று தூக்கி எறிந்தது. தோட்டா ஒன்றையே குற்றவாளியாக்குவது நியாயமாகாது. குண்டு எங்கே பட்டது என்பதே இத்தகைய கணங்களில் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆனால் உயிர் பிழைத்த லாட் அதன்பின் அந்தத் தோட்டாவை நம்பவில்லை. 1971-ல் தாமே ஒன்றை வடிவமைத்தார்.

எந்தத் தொழிற்சாலையும் செய்யாத, தனியாள் தன் தேவைக்கு உருவாக்கிக்கொள்ளும் தோட்டாவை 'வைல்ட்கேட்' என்பார்கள். அதற்குக் கடையில் கூடு கிடைக்காது. இருக்கும் கூட்டைத்தான் மாற்றவேண்டும். லாட் எடுத்ததும் அதே .375 கூட்டைத்தான், ஆனால் வெட்டிக் குறுக்கவில்லை. அதன் ஒடுங்கிய கழுத்தைக் கூம்பு வடிவ எஃகுத் தண்டால் விரித்தால், கிட்டத்தட்ட நேரான குழாயாகிவிடும். பித்தளை விரியும்போது இறுகும், இறுகினால் வெடிக்கும். ஆகவே வாய்ப்பகுதியைச் சூடாக்கி இளக்கவேண்டும். சூடு அடிப்பகுதிக்கு ஏறக்கூடாது, அங்கே பித்தளை கெட்டியாக இருந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும். பிறகு துப்பாக்கியிலேயே வைத்து ஒருமுறை சுட, வாயுவின் அழுத்தத்தில் கூடு அறையின் சுவரோடு படிந்து இறுதி வடிவம் பெறுகிறது. விரிந்த அளவுக்கு நீளம் சற்றுக் குறையும்: 2.85 அங்குலம் 2.8 ஆகிறது. வின்செஸ்டர் கூட்டைவிட 0.3 அங்குலம், ஏறக்குறைய முக்கால் சென்டிமீட்டர், அதிகம்.

லாட்டின் சாதனை முழுவதும் இந்த முக்கால் சென்டிமீட்டர் இடத்தில்தான் இருக்கிறது. மருந்தைத் திணிக்காமலே 500 கிரெய்ன் குண்டு 2,300 அடி வேகம் காண்கிறது. ஆற்றல் சுமார் 5,870 அடி-பவுண்டு. அதைவிட மேலாக, கையால் மருந்தடைப்பவர் மனம் வைத்தால் 2,150 அடியோடு நிறுத்திக்கொள்ளலாம். .470 ஆப்பிரிக்காவில் பேர் வாங்கிய வேகம் அதுதான். அந்த வேகத்தில் கூட்டுக்குள் அழுத்தம் தணிந்திருக்கும். வெயிலில் கிடந்த தோட்டாவில் அழுத்தம் ஏறும். ஏறினால் சுட்ட கூடு அறையில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். காட்டெருமை பாய்ந்து வரும்போது அடுத்த தோட்டா ஏறாமல் போவதைவிடப் பெரிய ஆபத்து ஏது? பழைய பிரிட்டிஷ் தோட்டாக்களின் கூடு அவ்வளவு பெரிதாக இருந்ததும் இந்த வெப்பத்துக்காகத்தான்.

இந்த அளவுத் தோட்டாவில் குண்டை இறுக்கிப் பிடிக்கும்படி கூட்டின் வாயை மடக்கிவிடுவது கட்டாயம். முதல் தோட்டாவின் உதையில் மேகசினில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களும் அதிர்கின்றன. பிடி தளர்ந்தால் குண்டு உள்ளே இறங்கிவிடும், அழுத்தக் கணக்கு எல்லாம் தலைகீழாகும். எவ்வளவு மருந்து என்பதைக் கையேடு சொல்லும் கீழ் அளவிலிருந்து தொடங்கி, வேகமானியை முன்னே வைத்து, படிப்படியாக ஏற்றுவது ஒன்றே வழி. இங்கே குறுக்குவழி கிடையாது.

1958-லேயே .460 வெதர்பி என்ற தோட்டா இதே 500 கிரெய்ன் குண்டை 2,600 அடிக்கு மேல் விரட்டியது. லாட் அந்தப் பக்கம் போகாததை நான் மதிக்கிறேன். அந்த உதையை வாங்கிக்கொண்டு இரண்டாவது குண்டைக் குறி தவறாமல் சுடக்கூடியவர்கள் மிகச் சிலரே. மென்முனைக் குண்டுகளோ அந்த வேகத்தில் ஆழம் போகுமுன்பே சிதற வாய்ப்புண்டு. இன்றும் லாட் கூட்டில் 2,400 அடி எடுக்க முயல்பவர்கள், அவர் சம்பாதித்துத் தந்த நிதானத்தைக் கைவிட்டு வின்செஸ்டரின் பழைய சிக்கலுக்கே திரும்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

2002-ல் ஹார்னடி நிறுவனம் இந்தத் தோட்டாவைத் தயாரிக்கத் தொடங்கியது; ரூகர் அதற்கான துப்பாக்கியைச் செய்தது. வைல்ட்கேட்டாக இருந்தது கடைத் தோட்டாவாகிவிட்டது. லாட் துப்பாக்கியின் அறை நீளம் என்பதால், தேவைப்பட்டால் .458 வின்செஸ்டர் தோட்டாவையும் அதில் போட்டுச் சுடலாம். லாட் தோட்டா கிடைக்காத ஊரில் மாட்டிக்கொள்ளும் வேட்டைக்காரருக்கு அந்தப் பழைய குட்டைத் தோட்டாதான் கைகொடுக்கிறது.

(தொடரும்)