எதிர்ப்பது யார்?

சென்ற மாதம் புறநோயாளர் பிரிவுக்கு வந்த அம்மையார் ஒருவர், தம் கணவரின் சளிப் பரிசோதனை அறிக்கையை என்னிடம் நீட்டினார். "எதிர்ப்பு இருக்குன்னு லேப்ல சொன்னாவ டாக்டர். நல்லதுதானே?" என்று கேட்டார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "இல்லை அம்மா" என்று சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

அவர்மீது தவறில்லை. எதிர்ப்பு என்பது நம் மண்ணில் பெருமைக்குரிய சொல். 1908 மார்ச் மாதம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டபோது திருநெல்வேலி மக்கள் தெருவில் இறங்கியதை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறோம். மருத்துவத்தில் இச்சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறும். "எதிர்ப்பது யார், எதை?" என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் நீங்கும்.

முதலாவது, நோய் எதிர்ப்பாற்றல். இங்கே எதிர்ப்பது உடல், எதிர்க்கப்படுவது கிருமி. தடுப்பூசி, சத்துணவு, போதிய உறக்கம் ஆகியவை இதற்குத் துணை. இது நன்மை.

இரண்டாவது, இன்சுலின் எதிர்ப்பு. இன்சுலின் சுரந்தும் தசையும் கல்லீரலும் அதன் கட்டளைக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. அதனால் இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. நாள்தோறும் நடப்பதும் உடல் எடையைக் குறைப்பதும் இந்த எதிர்ப்பைத் தளர்த்தும்.

மூன்றாவது, மருந்து எதிர்ப்பு. இங்கே எதிர்ப்பது கிருமி, எதிர்க்கப்படுவது மருந்து. நோயாளி எவ்வளவு திடகாத்திரமானவராக இருந்தாலும், அக்கிருமி அந்த மருந்துக்கு மடியாது. அதே கிருமி வீட்டிலுள்ள மற்றவருக்கும் பரவலாம்.

இது எவ்வாறு உண்டாகிறது? ஒரே பூச்சிமருந்தைக் காரிலும் பிசானத்திலும் தொடர்ந்து தெளித்தால், நாளடைவில் அது பலிக்காமல் போவதைத் தாமிரபரணிப் பாசன விவசாயிகள் அறிவர். மருந்துக்குத் தப்பிய சில பூச்சிகளே பெருகி வயலை நிறைக்கின்றன. கிருமிகளின் கதையும் இதுவே. சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகளுக்கு நாமே வழிவிடுகிறோம்.

அந்த அம்மையாரின் கணவருக்குக் காசநோய். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். மூன்றாம் மாதத்தில் இருமல் நின்றதும் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது வேறு மருந்துகள் தொடங்கியுள்ளோம். இச்சிகிச்சை முன்னதைவிடக் கடினமானது. ஆயினும் குணமடைய வழி உண்டு. வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதித்தோம்.

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டாலும் சானடோரியத்தில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு இணையான பலன் கிட்டும் என்று உலகுக்குக் காட்டியது. அப்பலன் மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வதைப் பொறுத்தது. ஆகவே வீட்டிலுள்ளோரின் பங்கு பெரிது.

ஆன்டிபயாட்டிக் மருந்தை மருத்துவர் குறித்த அளவில், குறித்த நாள்வரை மட்டும் உட்கொள்ளுங்கள். சாதாரண சளிக்கு அதைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். வைரஸை அது கொல்லாது. மிஞ்சியதைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். குமட்டலோ வேறு தொல்லையோ வந்தால், தாமாக நிறுத்தாமல் எங்களிடம் வாருங்கள்.

அந்த அம்மையார் இப்போது நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு போடுகிறார், கணவர் மாத்திரையை விழுங்கியதைக் கண்ணால் கண்ட பின்பே.