காணாமல் போன 41 ஹெர்ட்ஸ்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் காலையிலேயே வாசலில் வந்து நின்றார். தோளில் பேஸ் கிடார், கையில் அப்போதுதான் பிரித்த ஒரு சின்ன அட்டைப்பெட்டி. "அண்ணா, உங்க ஆம்ப்ல ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கட்டுமா?" பெட்டிக்குள் இருந்தது என்வலப் ஃபில்டர் பெடல். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கியது. ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்து, இதுவா அதுவா என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் இதில் வந்து நின்றாராம்.

மாட்டினோம். மெல்லிய ஜி தந்தியில் பிரமாதம். ஒவ்வொரு தட்டலுக்கும் பெடல் வாயைத் திறந்து "வ்வாவ்" என்றது. பிறகு தடித்த ஈ தந்திக்கு வந்தார். பெடலை அணைத்து வாசித்தபோது என் புத்தக அலமாரியின் கண்ணாடி கிடுகிடுத்தது. பெடலை மிதித்தார். கண்ணாடி அடங்கிவிட்டது. வாவ் இருந்தது, பேஸைக் காணோம். இரண்டு மூன்று முறை மிதித்து மிதித்துப் பார்த்தார். மிதிக்கும்போதெல்லாம் கண்ணாடி ஊமையானது.

"வீடியோல இப்படி இல்லண்ணா."

"எதுல பார்த்தீங்க தம்பி?"

"போன்லதான்."

வாத்தியச் சிறப்பிதழுக்கு எழுத உட்கார்ந்தபோது இந்த ஒற்றைச் சொல்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாங்க வேண்டிய பத்து பெடல்களை விலையோடு பட்டியல் போட்டுத் தரச் சொன்னார் ஆசிரியர். அவர் மன்னிக்க வேண்டும். பட்டியலை நம்பி வாங்கியவரைத்தான் அன்று காலை பார்த்தேன்.

மோர்சிங் வாசிப்பவரைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்களா? நடுவில் உள்ள நாக்கு எப்போதும் ஒரே சுருதியில்தான் அதிரும். அதை உயிருள்ள பேச்சாக மாற்றுவது வாசிப்பவரின் வாய். வாயைக் குவித்தால் ஒரு ஓசை தூக்கலாகும், அகட்டினால் இன்னொன்று. என்வலப் ஃபில்டர் செய்வதும் இதேதான். "ஊ" என்று தொடங்கி, உதட்டை மெல்லத் திறந்து "ஆ"வில் முடித்துப் பாருங்கள். நீங்களே ஒரு ஃபில்டரைத் திறந்துவிட்டீர்கள். ஒரே வித்தியாசம், பெடலில் அந்த வாயைத் திறப்பது உங்கள் விரல். பலமாகத் தட்டினால் அகலத் திறக்கும், மெதுவாகத் தட்டினால் முனகும், தந்தியின் ஓசை தேயத் தேய மூடிக்கொள்ளும். காலால் ஆட்டும் வா-வா பெடலுக்கும் இதற்கும் உள்ள பேதம் இதுதான்.

1972-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்த மியூ-ட்ரான் III இந்த வம்சத்தின் கொள்ளுத்தாத்தா. மைக் பீகல் என்ற பொறியாளர் ஒரு கிடார் நிறுவனத்துக்காக சிந்தசைசர் வடிவமைத்துக்கொண்டிருந்தார். அந்தத் திட்டம் பாதியில் நின்றது. அதன் ஃபில்டர் பகுதி மட்டும் தப்பிப் பிழைத்து, காலடியில் வைக்கும் தனிப் பெட்டியாக வெளிவந்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன விளக்கு உண்டு. நீங்கள் பலமாகத் தட்டினால் விளக்கு பிரகாசமாக எரியும். எதிரே இருக்கும் பொருளின் மின்தடை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். அந்த மாற்றம்தான் ஃபில்டரைத் திறந்து மூடுகிறது. இருட்டுப் பெட்டிக்குள் யாரும் பார்க்காமல் ஒரு விளக்கு நம் விரலுக்குத் தாளம் போடுகிறது என்பதை முதலில் படித்த நாளன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த ஆண்டே ஸ்டீவி வொண்டர் "ஹையர் கிரவுண்ட்" பாட்டில் தன் கிளாவினெட் கீபோர்டை இதன் வழியே அனுப்பினார். பேஸில் இதை மாட்டிக் கொடி நாட்டியவர் பூட்ஸி காலின்ஸ். 1976-ல் முதல் ஆல்பம் வெளியிட்ட அவருடைய குழுவின் பெயரே பூட்ஸிஸ் ரப்பர் பேண்ட். ரப்பரை இழுத்துச் சுண்டினாற்போன்ற அந்த பேஸ் ஓசைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? இன்று கடையில் கிடைக்கும் ஏராளமான என்வலப் ஃபில்டர்கள் ஏதோ ஒரு வகையில் அந்த ஓசையைத் துரத்துபவைதான்.

சரி, போனுக்கு வருவோம்.

நாலு தந்தி பேஸின் ஈ தந்தி, திறந்த நிலையில் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸ் என்றால் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். போனின் ஸ்பீக்கர் நகத்தளவு. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்குத் தெம்பு கிடையாது. அப்படியானால் போனில் பேஸ் கேட்கிறதே எப்படி? ஒரு தந்தி அதிரும்போது 41 மட்டும் பிறப்பதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் மேலே மேலே கிளம்புகின்றன. அந்த ஏணியின் மேல் படிகளை மட்டும் போன் எடுத்துக் கொடுக்கிறது. படிக்குப் படி உள்ள இடைவெளி 41 என்பதைக் கண்டுகொள்ளும் நம் மூளை, கீழே இல்லாத படியைத் தானே போட்டுக்கொள்கிறது. நாம் கேட்பது பேஸை அல்ல, பேஸின் ஞாபகத்தை.

இப்போது பெடலைக் கவனியுங்கள். பேண்ட்-பாஸ் வகை ஃபில்டர் மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டு நடுவில் ஒரு துண்டை மட்டும் விடும். போனுக்கு வேண்டியதும் அதே நடுத்துண்டு. ஆக, அடிநாதத்தை அதிகமாகத் தின்னும் பெடல் எதுவோ அதுதான் போனில் அழகாகக் கேட்கும். அடிநாதத்தைப் பொத்திக் காப்பாற்றும் நல்ல பெடல் போனில் மந்தமாக, சோம்பேறியாகத் தெரியும். தேர்வு தலைகீழாகிவிடுகிறது. எங்கள் தெருப் பையன் ஒதுக்கிய பெடல்களில்தான் அவருக்கு வேண்டியது இருந்தது என்று பந்தயம் கட்டத் தயார்.

மிருதங்கத்துக்கு இப்படிச் செய்வோமா? தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பி, எடுத்து, மறுபடி அப்பி, அந்த "கும்"முக்காகக் கச்சேரிக்கு முன் எவ்வளவு நேரம் மெனக்கெடுகிறார்கள்! வலந்தலையை மட்டும் கேட்டுவிட்டு யாராவது மிருதங்கம் வாங்குவார்களா? இளையராஜாவின் பேஸ் வரிகளை முணுமுணுக்காத தமிழ் பேஸ் வாசிப்பாளர் கிடையாது. ஆனால் அந்த வரிகளின் மெட்டு தெரிந்த அளவுக்கு எடை தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பது என் கவலை. "நீங்க மட்டும் என்ன, டிரான்சிஸ்டர்லதானே கேட்டீங்க?" என்பார் என் நண்பர். நியாயம்தான். ஆனால் டிரான்சிஸ்டரில் கேட்டுவிட்டு யாரும் ஆம்ப் வாங்கவில்லை.

எனவே முதலில் பார்க்க வேண்டியது, அடிநாதம் தப்பிக்க வழி இருக்கிறதா என்பதே. லோ-பாஸ் நிலை இருந்தால் நல்லது. அது மேலே மட்டும் வெட்டும், கீழே கை வைக்காது. மியூ-ட்ரானிலேயே லோ, பேண்ட், ஹை என மூன்று நிலைகளும் இருந்தன. அல்லது ஃபில்டர் ஆகாத மூல ஓசையைக் கூடவே கலந்துவிடும் பிளெண்ட் குமிழ் வேண்டும். இரண்டும் இல்லாத பெடல் கிடாருக்கு எவ்வளவு இனித்தாலும் பேஸுக்கு ஆகாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இன்னொரு சங்கதியை விற்பவர்கள் சொல்வதில்லை. 41 ஹெர்ட்ஸில் ஒரு அலை முடிய 24 மில்லி செகண்ட் ஆகும். கிடாரின் ஈ தந்திக்கு அதில் பாதி போதும். தட்டலின் பலத்தை அளக்கும் பகுதி கிடாரின் வேகத்துக்கு அமைந்திருந்தால், பேஸின் ஒவ்வொரு அலையையும் தனித் தனித் தட்டலாக எண்ணி ஏமாந்து ஃபில்டரை நடுங்க வைக்கும். தடித்த தந்தியில் "கரகர" என்று தொண்டை கட்டியதுபோல ஒரு ஓசை வரும். கடையில் சோதிக்கும்போது ஈ தந்தியைத் தட்டி, முழுதாகத் தேயும்வரை பொறுமையாகக் கேளுங்கள். நடுக்கம் இருந்தால், ஃபில்டர் மூடிக்கொள்ளும் வேகத்தை மாற்றும் டிகே குமிழைத் திருகிப் பாருங்கள். குறையவில்லையா, பெட்டியை மூடிக் கொடுத்துவிடுங்கள்.

சென்சிடிவிட்டி குமிழ்தான் இந்தப் பெடலின் உயிர். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் பொதுவாகச் சத்தமாகப் பேசும், பாசிவ் பேஸ் அடக்கமாகப் பேசும். ஒன்றுக்கு வைத்த அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. மிக அதிகமாக வைத்தால் வாய் திறந்தபடியே நிற்கும், மிகக் குறைவாக வைத்தால் திறக்கவே திறக்காது. குமிழைச் சுழியத்தில் வைத்து, நீங்கள் வாசிக்கும் மிகப் பலமான தட்டலைத் தட்டிக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். அந்தத் தட்டலுக்கு மட்டும் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்குக் கீழே உள்ள மெல்லிய தட்டல்களுக்கெல்லாம் அப்போது தனித்தனிக் குரல் கிடைக்கும். கடையில் தொங்கும் பேஸில் இதைச் செய்து பிரயோசனமில்லை. உங்கள் பேஸ், உங்கள் விரல்.

கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் அதை ஃபில்டருக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் எல்லாத் தட்டலும் ஒரே உயரத்துக்கு இழைக்கப்பட்டுவிடும், ஃபில்டருக்கு வேலையே இருக்காது. பின்னால் வைத்தால், ஃபில்டரின் கூர்மையான ரெசனன்ஸைக் கூட்டும்போது திடீரென்று எம்பும் சத்தத்தையும் அது அடக்கும். டிஸ்டார்ஷனை முன்னால் வைத்தால் ஃபில்டருக்குத் தின்ன நிறைய மேல்நாதம் கிடைக்கும். ஆனால் அதுவும் தட்டலின் ஏற்ற இறக்கத்தை மழுக்கிவிடும். சில பெடல்களில் இதற்கென்றே தனி லூப் வைத்திருக்கிறார்கள், அளப்பது மூல ஓசையை, வெட்டுவது டிஸ்டார்ஷன் ஓசையை. தந்தி பழசாகி மேல்நாதம் செத்துப்போயிருந்தால் எந்தப் பெடலும் எடுபடாது. புதுத் தந்தி பெடலைவிட மலிவு என்பதையும் சொல்லிவைக்கிறேன். அடாப்டரின் வோல்ட்டும் முனையும் சரிதானா என்று பெடலின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சொருகுங்கள். இதில் அவசரப்பட்டு ஒரு நல்ல பெடலைப் புகைய விட்ட அனுபவம் எனக்கே உண்டு.

இத்தனை தொல்லை எதற்கு, ஒரே பெட்டியில் எல்லாம் அடங்கிய டிஜிட்டல் மல்டி எஃபெக்ட்ஸ் போதும் என்பாரும் உண்டு. இருக்கட்டும். அதையும் போனில் கேட்டுத்தானே வாங்கப் போகிறார்கள்?

ஹெட்போன் மாட்டிக் கேட்டால் ஆகாதா என்று அந்தப் பையனும் கேட்டார். நல்ல ஹெட்போனில் அடிநாதம் கேட்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேஸ் காதுக்கு மட்டுமானது அல்ல. மேடையில் டிரம்ஸின் கிக்கோடு அது சேரும்போது நெஞ்சுக்கூட்டில் ஒரு தள்ளு வர வேண்டும். அந்தத் தள்ளு இருந்தால்தான் மேலே பாடுபவர் துணிந்து நிற்பார். அதை எடுத்துவிட்டு வாவ் மட்டும் கொடுக்கிற பேஸ்காரரைப் பாட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, வேண்டாம்.

பெடலைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். லீட் கிடார் வாசிக்கும் அவருடைய நண்பர் வாங்கிக்கொண்டார். அவர் கையில் அது ஜோராக இருக்கிறது. பையன் இந்த முறை பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போய், பெரிய ஆம்பில் அரை நாள் ஈ தந்தியையே தட்டிக்கொண்டிருந்தாராம். லோ-பாஸும் பிளெண்டும் உள்ள ஒன்றோடு வந்தார். வீட்டில் மாட்டிப் பார்த்தோம். அலமாரிக் கண்ணாடி ஆடியது.

நீங்களும் கடைக்குப் போங்கள், பேஸை எடுத்துக்கொண்டு போங்கள். வாங்கிய பிறகு அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெட்டியோடு கொடுத்ததால்தான் அந்தப் பையனுக்குப் போட்ட காசில் பெரும்பங்கு திரும்பி வந்தது.