மூன்று வாய்தாவுக்கு மேல் ஏன்?

2001 மார்ச் 7 அன்று ஓர் உத்தரவு வந்தது. ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டத்தில் தோல் கழிவுநீரால் நிலமும் கிணறும் பாழானவர்கள் என்று 29,193 பேர் அதில் அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களுக்கு நஷ்ட ஈடு கட்ட வேண்டியவை 547 தோல் தொழிற்சாலைகள். 2025 ஜனவரி 30 அன்று இதே விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: இன்னும் கொடுக்காமல் இருக்கும் நஷ்ட ஈட்டை ஆறு வாரத்துக்குள் கொடுங்கள். முதல் உத்தரவில் பெயர் இருந்த எத்தனையோ விவசாயிகளுக்கு அதற்குள் பேரப்பிள்ளைகள் வந்திருப்பார்கள்.

இத்தனை ஆண்டும் வாய்தாவிலேயே போயின என்று சொல்ல முடியாது. மேல்முறையீடு, புதிய மனு, மறு கணக்கெடுப்பு எல்லாம் நடந்தன. ஆனால் "இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும்" என்ற குரல் இந்த வழக்கின் தொடக்கத்திலிருந்தே கேட்கிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பொது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுமார் பத்து ஆண்டுகளாகச் சொல்லி வந்தது பிறகு தீர்ப்பில் பதிவானது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனதும் அதில் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. அப்போதும் ஆலைகளுக்கு அவகாசம் கிடைத்தது. ஆனால் அந்த அவகாசத்துக்குப் பல் இருந்தது. நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு வசதி வேண்டும். டிசம்பர் 15க்குள் வாரியத்தின் இசைவு வேண்டும். இல்லாவிட்டால் உடனே மூட வேண்டும். அதோடு ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம்.

தேதி, நிபந்தனை, தவறினால் என்ன என்பது. அவகாசம் கொடுக்கும் எந்த உத்தரவிலும் இந்த மூன்றும் இருக்க வேண்டும்.

இந்தத் தோல் கழிவுநீர் வழக்கு ரிட் மனு. சாதாரண சிவில் வழக்கில் என்ன நடக்கிறது? ஆம்பூரில் ஒரு கெமிக்கல் வியாபாரி ஷூ கம்பெனிக்குக் கடனில் சரக்குப் போடுகிறார், பணம் வரவில்லை, பிராது போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்மன் போன பிறகு எதிருரை தாக்கல் செய்ய எதிராளிக்கு 30 நாள். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டலாம். தகுந்த காரணம் இருந்தால் 90ஐத் தாண்டியும் நீதிமன்றம் ஏற்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல வழக்குகள் முதலில் தேங்குவது இங்கேதான்.

இதே வியாபாரியின் பாக்கி வணிக வழக்காகும் அளவுக்குப் பெரிதானால் கதை வேறு. 2018 முதல் 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறுகளுக்கு வணிக நீதிமன்றச் சட்டம் பொருந்தும். அங்கே 120 நாளுக்குப் பிறகு எதிருரை போடும் உரிமையே போய்விடும். ஆவணங்களுக்கும் கெடு உண்டு: எதிருரை வந்த 30 நாளில் இரு தரப்பும் ஒருவர் ஆவணத்தை மற்றவர் பார்த்து முடிக்க வேண்டும். நீதிமன்றம் மேலும் 30 நாள் வரை தரலாம். பில், டெலிவரி சலான், வாட்ஸ்அப் ஆர்டர், வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் பிராதோடே வைத்துவிடும் வியாபாரிக்கு இந்தக் கெடு பெரிய பலம்.

விசாரணை தொடங்கிய பிறகு? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளைப்படி ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது. 2002 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் விதி இது. வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணமே ஆகாது என்று அதே கட்டளை சொல்கிறது. வக்கீல்கள் புறக்கணிப்பில் இருந்தாலும் வழக்கைத் தள்ளிவைக்க நீதிபதிக்குக் கடமை இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனதும் நம்மூர்க்காரர்கள்தான், சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005 தீர்ப்பில் மூன்று என்ற வரம்பு நிலைத்தது. நான்காவது வாய்தாவுக்குக் கதவு முழுதாக அடைபடவில்லை. ஆனால் அது யாருக்காக? போபால் விஷவாயு, குஜராத் நிலநடுக்கம், சுனாமி போன்றவற்றை நீதிமன்றம் உதாரணமாகச் சொன்னது. திடீர் விபத்து, மருத்துவமனை சேர்க்கை ஆகியவற்றையும் சேர்த்தது. மனுதாரர் கையை மீறியதாக இருக்க வேண்டும் என்பதே அளவுகோல்.

நடைமுறை இதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது என்பது கோர்ட் வராந்தாவில் நின்ற எவருக்கும் தெரியும். 2021இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், குறுக்கு விசாரணைக்கே பத்து முறை வாய்தா கொடுக்கப்பட்டிருந்தது. இனியும் முடியாது என்று நீதிபதிகள் எம்.ஆர். ஷா, ஏ.எஸ். போபண்ணா மறுத்துவிட்டார்கள்.

அவகாசம் கேட்பது குற்றமில்லை. உண்மையான காரணம் உள்ளவர், தேதிக்கு முன்பே, ஆதாரத்தோடு மனு போட வேண்டும். எதிர்ப்பவரும் சும்மா இருக்கக் கூடாது. வாய்தா கேட்கும் அன்றே ஆட்சேபணையைப் பதிவு செய்யச் சொல்லி, செலவுத் தொகை கேட்க வேண்டும். பலர் "அடுத்த தேதி என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

உங்கள் வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் இதுவரை வந்த தேதிகளும், எதற்காக வழக்கு வைக்கப்பட்டது என்பதும் தெரியும். இன்றே பாருங்கள். வாய்தா வாங்கியது யார், எத்தனை முறை என்று எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் போங்கள்.