ஈயம் போனது, ஊர் எப்படிப் பிழைத்தது?

பத்து காஜாவை அடுத்து, தஞ்சோங் துவாலாங் சாலையோரம் ஒரு கப்பல் நிற்கிறது. பக்கத்தில் கடல் கிடையாது. 1938இல் கட்டப்பட்ட 4,500 டன் ஈயக் கப்பல் அது. குட்டையில் மிதந்தபடியே மண்ணை வாரி, ஈயத்தைப் பிரித்தெடுத்தது. 44 ஆண்டுகள் உழைத்து 1982இல் ஓய்ந்தது. இன்று சுற்றுப்பயணிகள் அதில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கிந்தா ஆற்றங்கரைக் கிராமமாக இருந்த ஈப்போவைப் பட்டணமாக்கியது ஈயம்தான். 1937இல் தைப்பிங்கிடமிருந்து பேராக்கின் தலைநகர் என்ற தகுதி ஈப்போவுக்கு வந்தது. ஈய லம்பங்களில் பெரும்பாலும் சீனர்கள் உழைத்தார்கள். இரயில் தண்டவாளம் போட்டதிலும், சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்களிலும் நம் முன்னோரின் வியர்வை இருக்கிறது.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனாலும் 1988இல் ஈப்போ மாநகரானது. தலைநகர் என்பதால் அரசு அலுவலகம், மருத்துவமனை, வணிகம் என்று வேறு பிழைப்பும் அதற்கு இருந்தது. அப்படி எதுவும் இல்லாத பாப்பானில், பழைய கடைவீடுகளின் சுவர்களில் மரங்கள் வேர்விட்டிருக்கின்றன.

பின்னாளில் கல்வியைப் பிடித்துக்கொண்டு எழுந்த இடங்களும் உண்டு. துரோனோவுக்கு அருகே, ஈயம் தோண்டிய நிலத்தில் 1997இல் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவானது. கம்பாரிலும் பழைய லம்ப நிலத்தில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் 2007இல் திறக்கப்பட்டது. மாணவர்கள் வந்தார்கள், வாடகை வீடு, சாப்பாட்டுக் கடை, சலவைக் கடை எல்லாம் பின்னாலேயே வந்தன.

நம் கதை கொஞ்சம் வேறு. தோட்டம் கைமாறியபோது, வேலையோடு லயத்து வீடும் போனது. குடியிருந்த மண் எத்தனை தலைமுறை ஆனாலும் நம் பேரில் இருந்ததில்லை. பால்மரம் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதி எழுந்தது. மரம் வெட்டியவரால் அதில் ஒரு வீடு வாங்க முடிந்ததா என்பதுதான் கேள்வி.

ஊர் வளர்ந்தால் நாமும் தானாக வளர்ந்துவிடுவோம் என்று இருக்க முடியாது. ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்திற்குள் இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பிள்ளை ஐந்தாம் படிவத்தை முடிக்கும்வரை காத்திருக்காமல், ஒரு சனிக்கிழமை அந்த வளாகங்களைக் காட்டிவிட்டு வாருங்கள். வரும் வழியில் ஈயக் கப்பலையும் காட்டுங்கள். மண்ணுக்கடியில் இருப்பது ஒருநாள் தீர்ந்துவிடும் என்பதைப் பிள்ளை கண்ணாலேயே பார்க்கட்டும்.