வீட்டில் கார் வேலை: எந்த ஏர் கம்ப்ரஸர் வாங்குவது?

அல்ஹம்துலில்லாஹ். கார் டிங்கரிங், பெயிண்டிங் கற்று வந்த நம் பிள்ளைகள் சிலர், வீட்டு முற்றத்திலேயே தொழிலை ஆரம்பிக்க விரும்பி, கம்ப்ரஸர் வாங்க வட்டியில்லாக் கடன் கேட்டு டிரஸ்டுக்கு வருகிறார்கள். ஹலாலான உழைப்புக்குக் கை கொடுப்பது நம் கடமை. ஆனால் தவறான மெஷினை வாங்கினால் மெஷின் மூலையில் கிடக்கும், கடன் மட்டும் தலைமேல் நிற்கும். ஆகவே, வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை இவை.

1. ஹெச்.பி.யைப் பார்த்து மயங்க வேண்டாம்

கடைக்காரர் முதலில் சொல்வது ஹெச்.பி.யும் டேங்க் லிட்டரும்தான். நாம் கேட்க வேண்டியது, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வெளியே வரும் என்பது. இதை சி.எஃப்.எம். என்பார்கள். இதிலும் இரண்டு கணக்கு உண்டு. பிஸ்டன் இழுக்கும் காற்று ஒன்று; உண்மையில் வெளியே கிடைக்கும் காற்று (எஃப்.ஏ.டி.) இன்னொன்று. இரண்டாவது, முதலாவதைவிடக் கால் பங்கோ அதற்கு மேலோ குறைவாக இருக்கும். எஃப்.ஏ.டி. எவ்வளவு என்று கேட்டு, அதை எழுதி வாங்குங்கள்.

டயருக்குக் காற்று, தூசி ஊதுதல், சின்ன டச்சப் கன் ஆகியவற்றுக்கு 3 முதல் 5 சி.எஃப்.எம். போதும். முழுக் கதவு, பானெட் அடிக்கும் பெரிய ஸ்ப்ரே கன்னுக்கு 8 முதல் 12 வரை வேண்டும். காற்றில் ஓடும் சாண்டருக்கும் அதே அளவு தேவை. அதுவும் நிற்காமல் வேண்டும். அதனால் சாண்டரைக் கரண்டில் ஓடுவதாக வாங்குங்கள், அல்லது வாட்டர் பேப்பரால் கையிலேயே தேயுங்கள். பட்டி தேய்க்க 80-ல் தொடங்கி 180, 220. பிரைமருக்கு மேல் 400, 600. இந்த வேலைக்குக் கம்ப்ரஸரே தேவையில்லை. பெரிய மெஷின் வாங்கும் செலவும் பாதி மிச்சமாகலாம்.

2. நம் மலையின் கணக்கு வேறு

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு. சேலத்தில் 6 நிமிடத்தில் நிரம்பும் டேங்க், இங்கே நிரம்ப 7 நிமிடம் ஆகும். கீழே இருப்பவருக்குச் சரியாக இருக்கும் மெஷின் நமக்குக் கொஞ்சம் பற்றாது. தேவைக்கு ஒரு படி மேலே எடுங்கள்.

அடுத்தது பனிமூட்டம். ஈரக் காற்றை அழுத்தினால் சூடாகும். டேங்கில் ஆறும்போது தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீர் கன் வழியே வந்தால் பெயிண்ட் கொப்பளிக்கும். டேங்கிலேயே தங்கினால் உள்ளே துரு பிடிக்கும். தினமும் வேலை முடிந்ததும் அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். வாட்டர் ஃபில்டரை டேங்க் ஓரத்தில் அல்ல, கன்னுக்கு அருகில் மாட்டுங்கள். மூட்டம் இறங்கும் நாளில் பெயிண்ட் அடிக்காமல் இருப்பதே நல்லது.

3. எந்த வகை?

தினமும் வேலை இருப்பவருக்கு ஆயில் ஊற்றி ஓடும் பெல்ட் வகை ஏற்றது. சத்தம் குறைவு, நாள்பட உழைக்கும். எப்போதாவது டயருக்கும் தூசிக்கும் மட்டும் என்றால் ஆயில் இல்லாத சிறிய வகை போதும். கோயம்புத்தூரில் 1960-ல் தொடங்கிய எல்ஜி எக்விப்மென்ட்ஸ் போன்ற கம்பெனிகள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. எந்தக் கம்பெனியானாலும் சேலத்தில் ஸ்பேர் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டே வாங்குங்கள்.

2 ஹெச்.பி. மோட்டார் சுமார் 1,500 வாட். ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் எரியும். 15 ஆம்பியர் பிளக்கில் நேராக மாட்டுங்கள். வயரை நீட்டுவதற்குப் பதில் ஹோஸை நீட்டுங்கள்.

பழைய மெஷின் மலிவாகக் கிடைத்தால் முதலில் டேங்கின் அடிப்பாகத்தைப் பாருங்கள். துருவோ, வெல்டிங் வைத்த அடையாளமோ இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். துருப்பிடித்த டேங்க் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. சேஃப்டி வால்வு வேலை செய்கிறதா என்றும் இழுத்துப் பாருங்கள்.

4. உடலும் அமானிதமே

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்டில் ஐஸோசயனேட் என்ற பொருள் உண்டு. அது நுரையீரலில் புகுந்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். துணி மாஸ்க் இதைத் தடுக்காது. குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் வீட்டில் இதை அடிக்கவே கூடாது. தேய்ப்பதும் பட்டி பார்ப்பதும் வீட்டில் இருக்கட்டும். கடைசிக் கோட்டிங்கை பூத் வசதியுள்ள ஒர்க்ஷாப்பில் முடியுங்கள். தின்னர் இருக்கும் இடத்துக்கு அருகில் அடுப்பு, பீடி, சிகரெட் கூடாது. காற்றுக் குழாயை விளையாட்டுக்குக்கூட ஒருவர் உடம்பின் மேல் பிடிக்கக் கூடாது.

அண்டை வீட்டாரின் ஹக்கையும் மறக்க வேண்டாம். ஃபஜ்ருக்குப் பின் உடனேயும், இஷாவுக்குப் பிறகும் மெஷினை ஓட்டாதீர்கள்.

கடன் விண்ணப்பத்தோடு, என்ன வேலை செய்யப் போகிறீர்கள், அதற்கு எத்தனை சி.எஃப்.எம். தேவை என்பதையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். அந்தக் கணக்கு சரியாக இருந்தால், திருப்பிக் கட்டுவதும் இன்ஷா அல்லாஹ் எளிதாகும். உழைத்து உண்ணும் நம் பிள்ளைகளின் ரிஸ்கில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

— செயலாளர்