மறுகாலும் உபரிநீரும்: உள்ளூர்ப் பல்லூடகச் செய்தியாளரின் பணிமொழியும் இணைய ஆர்வமும்

ஆய்வுச்சுருக்கம்

வட்ட அளவில் பணியாற்றும் செய்தியாளர் இன்று ஒரே நிகழ்வை நாளிதழ், தொலைக்காட்சி, இணையம் ஆகிய மூன்றிற்கும் தருகிறார். ஊடகந்தோறும் அவர்தம் மொழி மாறுகிறது. ஊதியம் பெறும் பணியில் உதிரும் வட்டாரச் சொற்கள், ஆர்வத்தால் அவர் இணையத்தில் இடும் பதிவுகளில் தங்குகின்றன. தூத்துக்குடி மாவட்டத்து நீர்நிலைச் சொற்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உள்ளூர்ச் செய்தியாளர், பல்லூடகம், வட்டார வழக்கு, நீர்நிலைச் சொற்கள், இணையப் பதிவு.

முன்னுரை

தமிழ் இதழியல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இதழாசிரியர்களையும் இதழ்களின் கொள்கைகளையும் மையப்படுத்தியே அமைந்துள்ளன. செய்தியை முதலில் சொல்லாக்குபவர் வட்டத் தலைநகரில் இருக்கும் செய்தியாளர் ஆவார். அவர் எழுதியது மாவட்ட அலுவலகத்திலும் தலைமையகத்தின் டெஸ்க்கிலும் திருத்தம் பெற்ற பின்னரே அச்சேறுகிறது. எனவே அவரது மூலமொழி ஆய்வாளர் பார்வைக்குக் கிட்டுவது அரிது. திறன்பேசியும் இணையமும் பரவிய பின்னர், திருத்தம் பெறாத அம்மொழி பொதுவெளியில் காணக்கிடைக்கிறது. இதனைத் தமிழாய்வு எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதே இங்கு எழும் வினா.

பணியமைப்பு

வட்ட அளவிலான செய்தியாளர் பலர் பகுதிநேரப் பணியினர். வெளியான செய்தியின் அளவுக்கோ எண்ணிக்கைக்கோ ஏற்ப ஊதியம் பெறும் முறை பரவலாக உள்ளது. இதனால் வேறொரு தொழிலையும் உடன் நடத்துவோர் உண்டு. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் செய்தித்தாள் நிறுவனங்களைக் கருத்திற்கொண்டு இயற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, நலம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு மின்னணு ஊடகத்தையும் எண்ணிம ஊடகத்தையும் வரையறைக்குள் கொணர்ந்தது. எனினும் ‘முதன்மைத் தொழில் இதழியலாக இருத்தல்’ என்னும் நிபந்தனை இரண்டிற்கும் பொதுவானது. பிறிதொரு தொழிலால் குடும்பம் நடத்தும் வட்டச் செய்தியாளர் இவ்வரையறையின் விளிம்பிலேயே நிற்கிறார்.

ஒரு நிகழ்வு, நான்கு வடிவங்கள்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழை இதற்குத் தக்க களமாகும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சாலை, மின்சாரம், தொலைபேசித் தொடர்பு ஆகியன பல இடங்களில் அறுபட்டன. வெளியிலிருந்து எவரும் எளிதில் நுழைய இயலாத அச்சூழலில், உள்ளிருந்த செய்தியாளரே செய்திக்கு வாயிலானார்.

இத்தகைய நிகழ்வொன்று நான்கு மொழிவடிவங்களைப் பெறுகிறது. பின்வரும் தொடர்கள் அவ்வடிவங்களின் இயல்பைக் காட்டும்பொருட்டு அமைத்துக்கொள்ளப்பட்டவை.

1. நாளிதழ்: ‘ஆற்றில் வெள்ளம் பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்ததால் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர்.’ வினையெச்சங்கள் அடுக்கி வர, இறந்தகால வினைமுற்றால் தொடர் முடிகிறது.

2. ஸ்க்ரோல்: ‘தாமிரபரணியில் வெள்ளப்பெருக்கு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை.’ வினைமுற்று மறைந்து பெயரே முடிக்கும் சொல்லாகிறது. காலமும் வினைமுதலும் புலப்படுவதில்லை.

3. தொலைபேசி வழி நேரலையாகிய ஃபோனோ: ‘மழையின் தாக்கம் என்பது அதிகரித்திருப்பதைப் பார்க்க முடிகிறது.’ ‘என்பது’, ‘பொறுத்தவரை’, ‘சூழல் நிலவுகிறது’ ஆகியன இவ்வடிவத்தில் மிகுதியும் பயில்கின்றன. பேசுபவர் அடுத்த சொல்லைத் தேடும் இடைவெளியை இவை நிரப்புகின்றன.

4. சொந்த இணையப் பதிவு: ‘தண்ணி கூடிக்கிட்டே வருது, ஆத்துப்பக்கம் போவாதீய.’ இங்கு முன்னிலையார் யாவரெனத் தெளிவாக உள்ளது. அவர்கள் பேசுபவரின் ஊரார். முதல் மூன்றும் நிகழ்வைப் பிறர்க்கு அறிவிக்க, இது உற்றவர்க்கு எச்சரிக்கை விடுக்கிறது.

சொல்மாற்றமும் பொருள்மாற்றமும்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் மருதூர் ஏழாவது, ஸ்ரீவைகுண்டம் எட்டாவது. மருதூரிலிருந்து மேலக்காலும் கீழக்காலும், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன. ‘கால்’ என்பது இங்குப் பாசன வாய்க்காலைக் குறிக்கும். குளம் நிரம்பி மிகுநீர் வெளியேறுவது ‘மறுகால் பாய்தல்’ எனப்படும். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டால் அறியப்பெறும் மறுகால்தலை என்னும் ஊர்ப்பெயரிலும் இச்சொல்வடிவம் உள்ளது.

மாநிலம் முழுமைக்குமான ஒளிபரப்பில் ‘உபரிநீர் திறப்பு’ என்பதே பெருவழக்கு. இவ்விரு தொடர்களும் ஒருபொருட் கிளவிகள் போலத் தோன்றினும் இலக்கண நிலையில் வேறுபட்டவை. ‘பாய்தல்’ தன்வினை, நீரே எழுவாய். ‘திறத்தல்’ செயப்படுபொருள் குன்றாவினை. திறப்பவர் ஒருவரை அவாவி நிற்பது. குளம் தானே நிரம்பி வழிந்ததா, மடையை எவரேனும் திறந்தனரா என்பது வெள்ளத்திற்குப் பின்னர் ஊரார் எழுப்பும் முதல் வினா. மறுகால் பாய்ந்ததை ‘உபரிநீர் திறப்பு’ என எழுதும்போது, இல்லாத வினைமுதல் ஒருவர் செய்திக்குள் நுழைந்துவிடுகிறார்.

‘குளம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. தென்மாவட்டங்களில் அது பெரும் பாசன நீர்நிலையையும் குறிக்கும். தென்காலால் நீர்பெறும் கடம்பாகுளம் அதற்குச் சான்று. வடமாவட்டத்தார் இதனை ‘ஏரி’ என்பர்; மதுரை, இராமநாதபுரப் பகுதியார் ‘கண்மாய்’ என்பர். ‘குளம் உடைந்தது’ என்பதைக் கேட்கும் சென்னை நேயர் கோயிற்குளம் போன்றதொரு சிறு நீர்நிலையை எண்ணக்கூடும். ‘ஏரி’ என மாற்றினால் அவருக்குப் பேரிடரின் அளவு விளங்கும்; ஆயின் கரையில் வாழ்பவருக்கு அது அயற்சொல்லாகும். ஆகவே டெஸ்க்கின் திருத்தத்தை முற்றும் பிழையெனக் கூறவியலாது. வட்டாரச் சொல்லை நீக்காது, ‘கடம்பாகுளம் என்னும் பாசன ஏரி’ என விளக்கத்தோடு வழங்குதல் இருதிறத்தார்க்கும் பொருந்துவதாகும்.

இணைய ஆர்வம்

உள்ளூர்ச் செய்தியாளரிடையே இணையத்தில் காணப்படும் ஆர்வங்களுள் இரண்டு இவ்வட்டாரத்தில் சிறப்பாகக் கருதத்தக்கவை. முதலாவது நீர்க்கணக்கு. பாபநாசம் அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு அணையினது 118 அடி. நாள்தோறும் அணைமட்டத்தையும் மழையளவையும் ஆர்வலர்கள் பகிர்கின்றனர். எந்தக் குளம் பெருகியது, எந்தக் காலில் தண்ணீர் வந்தது என்னும் செய்திகளும் உடன் வருகின்றன. இரண்டாவது தொல்லியல். ஆதிச்சநல்லூரும் சிவகளையும் அண்மையில் இருத்தலின், வயற்காட்டுக் கல்லும் முதுமக்கள் தாழியும் ஒளிப்படமாகப் பகிரப்படுகின்றன. இவற்றிற்கு ஊதியமில்லை, சொல்லளவு வரம்பில்லை, டெஸ்க்கும் இல்லை. ஆதலின் மடை, மறுகால், கசம் முதலியன உரிய இடத்தில் உரிய பொருளில் நிற்கின்றன.

இப்பதிவுகள் குறையற்றவை அல்ல. சரிபார்க்கப்படாத தகவலும், கேள்விவழிப் பெயர்க்காரணமும், நாள் குறிக்காத ஒளிப்படமும் அவற்றுள் கலந்துள்ளன. இதனினும் பெரிய இடர் நிலையாமை. 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் செயலி இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோது, அதில் தமிழர் பதிவுசெய்திருந்த வட்டாரப் பேச்சும் பார்வைக்கு எட்டாதாயிற்று. செய்தியாளர் திறன்பேசியை மாற்றினாலும் கணக்கை இழந்தாலும் இதே நிலை நேரும். அச்சேறிய செய்திக்கு நூலகம் உண்டு. திருத்தப்படாத மூலத்திற்குக் காப்பகம் இல்லை.

முடிவுரை

உள்ளூர்ப் பல்லூடகச் செய்தியாளரின் பணிமொழி, கேட்போர் தொலைவு மிகுதற்கேற்ப வட்டாரத்தன்மையை இழக்கிறது. அவ்விழப்பு சொல்லளவில் நில்லாது, வினைமுதலையும் இடரின் அளவையும் மாற்றிக் காட்டுகிறது. அவர்தம் இணைய ஆர்வம் அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. அச்சுவடிவம், ஒளிபரப்புவடிவம், சொந்தப் பதிவு ஆகிய மூன்றையும் நாளும் இடமும் குறித்து, பதிவர் இசைவுடன் ஒருங்கே தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்பு வட்டார வழக்குச் சொல்லகராதிக்கு மட்டுமன்றி, பேரிடர்க் காலத்தில் எச்சரிக்கை எம்மொழியில் அமையவேண்டும் என்னும் வினாவிற்கும் விடைதரும். வெள்ள எச்சரிக்கையைக் கேட்பவர் தம் ஊர்க் காலின் பெயரையும் குளத்தின் பெயரையும் அதில் கேட்டால்தான் அது தமக்குரியது என உணர்வர்.