உவர்நீரும் மீன்குஞ்சின் இரத்தமும்



பழவேற்காட்டு ஏரியின் நீரைக் கார்த்திகையில் ஒருமுறையும் வைகாசியில் ஒருமுறையும் நாவில் வைத்துப் பார்த்தவர்கள், இரண்டும் ஒரே ஏரியின் நீர் என்று எளிதில் நம்பமாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையின்போது ஆரணியாறும் காளங்கியாறும் கொணரும் வெள்ளத்தால் அந்நீரின் கரிப்பு வெகுவாகத் தணிந்துவிடுகிறது. கோடையிலோ, முகத்துவாரம் மணலால் தூர்ந்து, வெயிலும் கடுமையாயிருந்தால், கடல்நீரையும் விஞ்சிக் கரிப்பதுண்டு. மடவை, பால்கெண்டை, கொடுவா ஆகிய மீன்களின் குஞ்சுகள் கடலிலிருந்து இத்தகைய உப்பங்கழிகளுக்குள் புகுந்துதான் வளர்கின்றன. நாம் வீடு மாறினால் விலாசந்தான் மாறுகிறது. இவற்றுக்கோ சுவாசிக்கும் நீரே மாறிவிடுகிறது. அம்மாற்றம் இக்குஞ்சுகளின் இரத்தத்தை என்ன செய்கிறது என்பதே இன்று நான் கூற எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. எலும்புமீன்களின் இரத்தச் செறிவு இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மீன் கடலில் வாழினும் ஆற்றில் வாழினும் இவ்வளவு பெரிதும் வேறுபடுவதில்லை. செவுளின் மெல்லிய சவ்வுக்கு இருபுறமும் செறிவு வேறுபட்டால், குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் நகரும். உப்பிட்ட மாங்காய் சாறு விட்டுச் சுருங்குவதும், நீரிலிட்ட உலர்திராட்சை புடைப்பதும் இவ்விதியினாலேயே. ஆகவே ஆற்றுமீனின் உடலுக்குள் நீர் ஓயாது புகுந்துகொண்டிருக்கிறது. கடல்மீனின் உடலிலிருந்து ஓயாது வெளியேறுகிறது.

இவ்வளவு நீர் சூழ்ந்திருக்கக் கடல்மீனுக்குத் தாகமா என்று நீங்கள் வியக்கலாம். தாகந்தான்! அது கடல்நீரையே பருகுகிறது என்பதை 1930-ஆம் ஆண்டில் ஹோமர் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர் நிறுவினார். பருகிய நீரோடு வந்த மிகையான உப்பைச் செவுள்களிலுள்ள சிறப்பு உயிரணுக்கள் வெளியேற்றுகின்றன. கீஸ், வில்மர் என்னும் இருவர் 1932-இல் விலாங்கு மீனில் இவற்றை விவரித்தனர். நன்னீர் மீனின் பாடு இதற்கு நேர்மாறு: அது மிகுதியான, நீர்த்த சிறுநீரைக் கழித்து, இழந்த உப்பைச் செவுள் வழியே மீண்டும் ஈர்த்துக்கொள்கிறது.

குஞ்சுகளுக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. உடல் சிறிதாக ஆக, எடையோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு பெரிதாகிறது. நீரும் உப்பும் கசிவதற்கு வழி அதிகம். பொரித்த புதிதில் செவுள்கள் முற்ற உருவாகியிருப்பதில்லை. அதுவரை உப்பை அகற்றும் உயிரணுக்கள் தோலிலும் கருவுணவுப் பையின் மேலுறையிலும் இருந்து பணி செய்கின்றன. நன்னீரில் பழகிய குஞ்சு ஒன்றைத் திடீரென்று கடல்நீரில் விட்டால், அதன் இரத்தத்தில் சோடியமும் குளோரைடும் ஏறுகின்றன; நீர் குறைந்து இரத்தம் செறிகிறது. ஓரிரு நாள் இந்நெருக்கடி நீடிக்கும். அதற்குள் உப்பகற்றும் உயிரணுக்கள் பெருகிச் செயல்பட்டால் அளவுகள் படிப்படியாக இறங்கிப் பழைய நிலையை அடையும். இல்லையேல் குஞ்சு மடியும். கடற்குஞ்சை நன்னீரில் விட்டாலோ உப்பு குறைகிறது, இரத்தம் நீர்த்துப்போகிறது, சிவப்பணுக்கள் நீரேறிப் புடைக்கின்றன.

இதை எவ்வாறு அளக்கிறார்கள்? சிறு குஞ்சிடம் கிடைப்பது ஒரு துளி இரத்தந்தான். அதை மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயிலேற்றிச் சுழல்பொறியில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். அப்படிவின் பங்கைப் பார்த்து இரத்தத்தின் செறிவை மதிப்பிடலாம். ஆனால் இந்த ஓர் அளவை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுவது தகாது என்பது என் கருத்து. வலையில் அஞ்சித் துடித்த மீனின் மண்ணீரல் தன் சேமிப்பிலுள்ள அணுக்களை இரத்தத்தில் விடுகிறது. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலினால் அணுக்களும் புடைக்கின்றன. உப்பு விளைத்ததையும் நம் கை விளைத்ததையும் பிரித்தறிய, அணுக்களின் எண்ணிக்கையையும் சோடியத்தின் அளவையும் உடன் பார்த்தல் வேண்டும். சால்மன் வளர்க்கும் நாடுகளில், ஆற்றுக் குஞ்சுகளைக் கடல்நீரில் 24 மணி நேரம் வைத்து இரத்தச் சோடியத்தை அளக்கிறார்கள்; அது கட்டுக்குள் இருந்தால் அவை கடல்வாழ்வுக்கு ஆயத்தம் என்று கொள்கிறார்கள்.

இப்பணிகளை ஏவுபவை சுரப்பிநீர்கள். கடல்நீருக்குப் பழக்குவதில் கார்ட்டிசாலுக்குப் பெரும்பங்கு உண்டு. நன்னீருக்கு உதவுவது புரோலாக்டின். பாலூட்டிகளில் பால் சுரக்கச் செய்யும் அதே பொருள்! பிட்யூட்டரி சுரப்பி நீக்கப்பட்ட சிறுமீன்கள் நன்னீரில் பிழைக்க அது உதவுகிறது என்பதைக் கிரேஸ் பிக்ஃபோர்டும் அவருடன் பணியாற்றிய ஃபிலிப்ஸும் 1959-இல் வெளியிட்டனர்.

மீன்பண்ணை வைத்திருப்போருக்கு ஒரு சொல். விலை கொடுத்து வாங்கிய குஞ்சுகள் குளத்தில் விட்ட மறுநாளே மிதந்தால், விற்றவரை நோகுமுன் இரு நீர்களின் உப்பையும் அளந்து பாருங்கள். குஞ்சுகள் வந்த நீரில் குளத்து நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, வேறுபாடு பெரிதாயின் சில நாட்களே எடுத்துக்கொண்டு, பழக்குதல் நலம். வெப்பநிலையையும் அவ்வாறே சரிசெய்ய வேண்டும். லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் உப்புள்ள நீர் மீனின் இரத்தச் செறிவை ஒத்திருப்பதால், அங்கே உப்போடு போராடும் உழைப்பு குறைவு. உவர்நீர்க் குஞ்சுகளை இடைநிலையில் தங்கவைக்க அது ஏற்றது. விட்ட முதல் நாளில் அவை இரையை நாடாவிட்டால், தீனியை மேலும் மேலும் கொட்டி நீரைக் கெடுக்காதீர்கள். செவுள்கள் தம் வேலையை முடிக்கட்டும்.